நீண்டகால இலக்கு ஒண்டை வைச்சு முடிவு வரைக்கும் கொண்டுபோறது எப்பிடி: முழுமையான வழிகாட்டி

நான் ஒரு கணக்குப் பாக்கிற ஒபிஸில வேலை செய்துகொண்டே வெளிவாரிப் பட்டப்படிப்பு முடிச்சனான். 3 வருசத்தில முடியும் எண்டு நினைச்சது 6 வருசம் இழுத்தது, அதுக்கு முதல் 2 தரம் தொடங்கிப்போட்டு விட்டதும் இருக்கு. இப்ப ஞாயிற்றுக்கிழமை பின்நேரங்களில யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில எங்கட வீட்டு விறாந்தையில ஏழெட்டுப் பேர் கொப்பியோட வந்து இருப்பினம். ஒராள் ஐஈஎல்டிஎஸ் எண்ட இங்கிலீஷ் சோதினை, ஒராள் தையல்கடை, ஒராள் வீட்டுக்கு மேல்தட்டுப் போடுறது, இப்பிடி ஒவ்வொண்டு.

அவையளோட இருந்து பாத்ததில ஒண்டு வடிவா விளங்குது. கனபேர் விழுறது சோம்பலால இல்லை, செய்யிற ஒழுங்கு மாறிப்போறதால. கடைசியாச் செய்யவேண்டியதை முதல் செய்யினம், முதல் செய்யவேண்டியதைச் செய்யாமலே விடினம். அதால இதில இருக்கிற ஒழுங்கை மாத்தாமல் போங்கோ.

தொடங்க முதல் தேவையான சாமான்

ஒரு சீஆர் கொப்பி, ஒரு பேனை, புதுவருசத்துக்குக் கடைகளில தாற பெரிய சுவர்க் கலண்டர் ஒண்டு. அவ்வளவும் காணும். போனில அப் போட்டுச் செய்யலாமா எண்டு எல்லாரும் கேக்கிறவை. செய்யலாம், ஆனா முதல் 3 மாசம் வேண்டாம், ஏனெண்டா பதியிறதுக்கு எண்டு போனை எடுத்தா வட்ஸ்அப்பில 4 மெசேஜ் நிக்கும், அரைமணித்தியாலம் கழிச்சுத்தான் ஏன் எடுத்தனான் எண்டு ஞாபகம் வரும்.

கொப்பி கிடக்கிற இடம் முக்கியம். லாச்சிக்குள்ள வைச்சா ஒரு மாசத்தில அது பழைய கொப்பி. சாப்பாட்டு மேசையில, இல்லாட்டி தேத்தண்ணி ஊத்துற இடத்துக்குப் பக்கத்தில, கண்ணில படுற மாதிரிக் கிடக்க வேணும்.

1. முதல் 2 கிழமை ஒண்டும் தொடங்காதேங்கோ, உங்கட நாளை மட்டும் எழுதுங்கோ

இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகினம். ஆசை வந்த அண்டைக்கே தொடங்க வேணும் எண்ட அவசரம், எனக்கும் அது இருந்தது. ஆனா உங்களிட்ட எவ்வளவு நேரம் இருக்கெண்டு தெரியாமல் போடுற திட்டம் எல்லாம் நினைச்சுப் போட்ட திட்டம்தான்.

ஒரு நாளைக்கு 3 தரம் எழுதுங்கோ: மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வேலையால வந்த உடன, படுக்க முதல். எத்தினை மணியில இருந்து எத்தினை மணி வரைக்கும் என்ன செய்தியள் எண்டு மட்டும். இரவு படுக்கேக்க முழு நாளையும் ஞாபகத்தில இருந்து எழுதினா நடந்தது வராது, நடந்திருக்க வேண்டியதுதான் வரும்.

எங்களோட வாற ஒரு அக்கா ரவுணில புடவைக்கடையில நிக்கிறவ. தனக்கு இரவில 2 மணித்தியாலம் இருக்கெண்டு உறுதியாச் சொன்னவ. 2 கிழமை எழுதிக்கொண்டு வந்து காட்டினா, 8.15க்கு வீட்ட வாறா, சமையல், பிள்ளையின்ர வீட்டுவேலை, ஏனம் கழுவி முடிய 9.40, அதுக்குப் பிறகு லண்டனில இருக்கிற தங்கச்சியின்ர கோல், அங்க அப்பதான் பின்நேரம். இரவில ஒரு நிமிசமும் இல்லை. ஆனா அதே கொப்பியில "விடிய 4.50 தேத்தண்ணி, 5.00 தொடக்கம் 5.45 சும்மா இருந்தது" எண்டு 11 நாள் எழுதியிருந்தது. அவவே அதைக் கவனிக்கேல்லை, நான் விரலால தொட்டுக் காட்டினாப் பிறகுதான் பாத்தவ. அந்த 45 நிமிசத்திலதான் இப்ப அவவின்ர வெட்டுத் தையல் படிப்பு முழுக்க நடக்குது.

காசு சம்பந்தப்பட்ட இலக்கெண்டா அதே 2 கிழமையும் செலவையும் எழுதுங்கோ. கடையில குடிச்ச பிளேன்ரீயும் றோல்சும், ஓட்டோக் காசும், போனுக்குப் போடுற றீலோட்டும் சேர்த்து. குறைக்கிறதுக்கு இல்லை, இருக்கிறது என்ன எண்டு தெரியிறதுக்கு.

2. மனசில கிடக்கிற எல்லாத்தையும் கொட்டிப்போட்டு ஒண்டை மட்டும் எடுங்கோ

ஒரு பக்கத்தில ஆசைப்பட்டதெல்லாம் எழுதுங்கோ, பெரிசு சின்னன் பாக்காமல். 15, 20 வரும். பிறகு ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில "இது ஆற்ற ஆசை?" எண்டு எழுதுங்கோ. எங்கட ஊரில இந்தக் கேள்வி கட்டாயம் கேக்க வேணும். அரைவாசி அப்பா அம்மாவின்ர ஆசையா இருக்கும், கொஞ்சம் கனடாவில இருக்கிற மாமா போன வருசம் வந்து நிக்கேக்க சொல்லிப்போட்டுப் போனதா இருக்கும். அது பிழை எண்டு நான் சொல்லேல்லை, ஆனா 4 வருசம் விடிய வெள்ளன எழும்பப்போறது நீங்கள், அதால ஆற்ற எண்டு தெரிஞ்சு எடுக்க வேணும்.

எடுக்கிறது ஒண்டே ஒண்டு. முதல் படியில எழுதின கொப்பியைப் பாத்தா கிழமைக்கு 5, 6 மணித்தியாலம்தான் மிச்சம் இருக்கும். அதை 3 இலக்குக்குப் பிரிச்சா ஒவ்வொண்டுக்கும் 2 மணித்தியாலம், அதில ஒண்டும் நகராது, நகராட்டி மனம் விட்டுப்போகும். மிச்சத்தை வெட்டி எறியாதேங்கோ, "பிறகு" எண்டு தலைப்புப் போட்டுக் கடைசிப் பக்கத்தில எழுதி வையுங்கோ. எழுதி வைச்சா மனசு அதைப்பற்றி அரிக்கிறது குறையும்.

3. பக்கத்து வீட்டு ஆக்களும் பாத்துச் சொல்லக்கூடிய மாதிரி ஒரு வரி எழுதுங்கோ

"இங்கிலீஷ் நல்லாப் படிக்க வேணும்" எண்டது இலக்கு இல்லை, ஏனெண்டா முடிஞ்சுதா இல்லையா எண்டு ஆராலயும் சொல்லேலாது. "2028 ஆவணிக்குள்ள ஐஈஎல்டிஎஸ்ஸில நாலு பகுதியிலயும் 6.5க்குக் குறையாமல்" எண்டா சொல்லலாம். திகதி, எண்ணிக்கை, கையில பிடிச்சுக் காட்டக்கூடிய ஒண்டு, இந்த மூண்டும் அந்த வரிக்குள்ள இருக்க வேணும்.

காசு இலக்கில ஒரு விசயம் வேற மாதிரி. ரூபாக் கணக்கை எழுதாதேங்கோ, வாங்கப்போற சாமானை எழுதுங்கோ. 2022 மாசி கடைசியில ஒரு டொலர் 200 ரூபாவைச் சுத்தி நிண்டது, அந்த வைகாசிக்குள்ள 360 ஆப் போச்சு, புரட்டாதியில கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொடுறமாதிரி வந்தது. லப்டொப்புக்கு எண்டு 1 லட்சத்து 50 ஆயிரம் இலக்கு வைச்சுக் காசு சேர்த்த பொடியன் ஒருத்தன் 1 லட்சத்து 50 ஆயிரமும் சேர்த்து முடிச்சான், லப்டொப் வாங்கேலாமப் போச்சு. "இன்ன வேலை செய்யக்கூடிய லப்டொப் ஒண்டு" எண்டு எழுதிப்போட்டு 6 மாசத்துக்கு ஒருக்கா கடையில விலை கேட்டு, சேர்க்கிற தொகையை மாத்திக்கொண்டு போயிருக்க வேணும்.

4. முடிவில இருந்து பின்னுக்கு வாங்கோ

இதுதான் இந்த வழிகாட்டியில ஆகப் பெரிய படி, ஒரு ஞாயிறு முழுக்க இதுக்கு எடுத்தாலும் பரவாயில்லை.

இலக்கு முடிஞ்ச அண்டைக்கு என்ன என்ன கையில இருக்க வேணும் எண்டு கேளுங்கோ. ஒவ்வொண்டையும் ஒரு துண்டுக் கடதாசியில எழுதுங்கோ, கொப்பியில எழுதாதேங்கோ, ஏனெண்டா இடம் மாத்தவேண்டி வரும். பிறகு நிலத்தில பரப்பி வைச்சு ஒவ்வொரு துண்டிட்டயும் "இதுக்கு முதல் என்ன முடிஞ்சிருக்க வேணும்?" எண்டு கேட்டுக் கேட்டுப் பின்னுக்கு அடுக்குங்கோ.

அடுக்கேக்க ரெண்டு விசயம் பாக்க வேணும்.

ஒண்டு, ஆறுதலா வாறதை முந்தித் தொடங்க வேணும். தென்னை வைச்சவன் திண்டிட்டுச் சாவான், பனை வைச்சவன் பாத்திட்டுச் சாவான் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுறது சும்மா இல்லை. சிலது நீங்கள் எவ்வளவு ஓடினாலும் தன்ர நேரத்திலதான் வரும். எங்கட பக்கத்தில இதில முதல் நிக்கிறது பத்திரங்கள். பிறப்புச் சான்றிதழில ஒரு மாதிரி, அடையாள அட்டையில வேற மாதிரி பேர் எழுதியிருக்கும், சில குடும்பங்களில இடப்பெயர்வில எல்லாம் துலைஞ்சு போய் பிரதி எடுக்கவேண்டி இருக்கும். அதைத் திருத்தக் குடுத்துப்போட்டு நீங்கள் உங்கட படிப்பைப் படிக்கலாம், அது தன்பாட்டில நடக்கும். கடைசி மாசத்தில கையில எடுத்தா எல்லாம் அதுக்காகக் காத்துக்கொண்டு நிக்கும்.

மற்றது, காலாவதியாகிறதைக் கடைசிக்கு வைக்க வேணும். எங்களிட்ட வாற ஒரு தம்பி உற்சாகத்தில முதல் வேலையா ஐஈஎல்டிஎஸ் எடுத்தவன், நல்ல றிசல்ட் 7 வந்தது, எல்லாருக்கும் சந்தோசம். அதுக்குப் பிறகுதான் காசு சேர்க்கத் தொடங்கினவன், காணியில பங்குப் பிரச்சினை, அது இது எண்டு 2 வருசமும் சில மாசமும் போச்சு. அந்த றிசல்ட் 2 வருசத்துக்குத்தான் செல்லும். திரும்ப முழுக் காசும் கட்டி எடுக்கவேண்டி வந்தது, இந்தமுறை எழுதுற பகுதியில 6. அவன் திறமையில்லாதவனில்லை, படிப்பிலயும் பிழையில்லை, துண்டு மாறி அடுக்கினதுதான் பிழை. அவன் எங்கட விறாந்தையில இருந்து அந்தப் பழைய றிசல்ட் கடதாசியை மடிச்சு மடிச்சுச் சின்னனாக்கினது எனக்கு இப்பவும் கண்ணுக்கை நிக்குது. அதால காலாவதித் திகதி உள்ள எதுவா இருந்தாலும் அந்தத் துண்டில சிவப்புப் பேனையால வட்டம் போடுங்கோ.

5. கலண்டரில செத்த கிழமைகளை வெட்டுங்கோ

இதைத் திட்டம் போட முதல் செய்ய வேணும், பிறகு இல்லை.

ஒரு நாளைக்கு 2 மணித்தியாலம், 365 நாள், 730 மணித்தியாலம் எண்டு கணக்குப் போட்டுப் பாத்தா எதையும் ஒரு வருசத்தில முடிக்கலாம் போலத் தெரியும். இப்ப கலண்டரை எடுங்கோ. ஆடி ஆவணியில நல்லூர்த் திருவிழா 25 நாள், முன்பின் சேர்த்து 4 கிழமை போட்டு விடுங்கோ, பின்நேரம் ஒருத்தரும் வீட்டில இருந்து படிக்கப்போறதில்லை. அந்த நேரந்தான் வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து நிக்கிறது, கலியாணங்களும் சேர்த்து இன்னொரு 2 கிழமை. ஐப்பசியில இருந்து மார்கழி வரைக்கும் மாரி, வெள்ளமும் டெங்கும் எண்டு 3 கிழமையாவது போகும். தைப்பொங்கலுக்கு 1, சித்திரை வருசப்பிறப்புக்கு 1. என்னைமாதிரிக் கணக்கு வேலை எண்டா கணக்கு முடிக்கிற நேரம் 3.

மொத்தம் 14. 52இல 14 போக 38 கிழமை. முதல் படியில வந்த 6 மணித்தியாலத்தால பெருக்கினா 228. 730 எங்க, 228 எங்க. இந்த 228ஐ வைச்சுத்தான் அந்தத் துண்டுகளுக்குத் திகதி போட வேணும். 1 வருசம் எண்டு நினைச்சது 3 வருசமா வரும், வரட்டும், அதுதான் உண்மையான திகதி. வீட்டில ஆக்களுக்கும் அதையே சொல்லுங்கோ.

செத்த கிழமை எண்டா குற்றம் இல்லாமல் விடுற கிழமை. திருவிழாவுக்குப் போய் நிண்டுகொண்டு படிக்கேல்லையே எண்டு மனசுக்கை அழுறதில பிரயோசனம் இல்லை, தேரும் வடிவாப் பாத்திருக்க மாட்டியள்.

6. கிழமை வேலையா உடைச்சு, ஒவ்வொண்டுக்கும் ரெண்டு அளவு வையுங்கோ

மாசத் திட்டம் சரிவராது. மாசத்திட்டம் போட்ட ஆக்கள் முதல் 3 கிழமையும் "நேரம் கிடக்குதுதானே" எண்டு இருந்துபோட்டு நாலாவது கிழமை ஓடுவினம். நாள் திட்டமும் சரிவராது, ஒரு நாள் கரண்ட் போனா முறிஞ்சு போகும். கிழமைதான் சரியான அளவு.

ஒவ்வொரு கிழமைக்கும் வழமையான அளவு ஒண்டும், ஆகக் குறைஞ்ச அளவு ஒண்டும். உதாரணத்துக்கு, எழுத்துப் பயிற்சியில வழமையா கிழமைக்கு 3 கட்டுரை, 40 நிமிசம் பாத்து ஒவ்வொண்டு. ஆகக் குறைஞ்சது 1. ஆகக் குறைஞ்சதை, காய்ச்சலால எழும்பின கிழமையிலயும் செய்யக்கூடிய அளவுக்குச் சின்னனா வையுங்கோ. தொடர் அறாமல் இருக்கிறதுக்குத்தான் அது. ஒரு கிழமை முழுக்க விட்டா அடுத்த கிழமை கொப்பியைத் திறக்கவே மனம் வராது, இது கிட்டத்தட்ட எல்லாரிலயும் பாத்தனான்.

இடத்தையும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கோ. "செவ்வாய் வேலை முடிய 5.15க்கு பொது நூலகத்தில" எண்டு எழுதினா கால் தன்பாட்டில போகும், "செவ்வாய் பின்நேரம்" எண்டா போகாது.

7. ஒரு பக்கத்தில பதியுங்கோ

பக்கத்தில 4 நிரல் கோடு போடுங்கோ: கிழமை, நினைச்சது, செய்தது, ஏன். நிறம் அடிக்கிறது, ஸ்டிக்கர் ஒட்டுறது ஒண்டும் வேண்டாம், அதுக்கு நேரம் போகும். ஞாயிறு இரவு 5 நிமிசம்.

என்ர பழைய கொப்பியில ஒரு பக்கம் இப்பிடி இருக்கு. "கிழமை 9, நினைச்சது 3, செய்தது 1, அம்மாவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரி." "கிழமை 10, 3, 3." "கிழமை 11, 3, 2, வெள்ளி நடக்கேல்லை." "கிழமை 12, 3, 2, வெள்ளி." "கிழமை 13, 3, 2, வெள்ளி." எழுதேக்க ஒவ்வொண்டும் தனித்தனி விசயம் மாதிரித்தான் இருந்தது. 3 மாசம் சேர்த்துப் பாக்கேக்கதான் வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு நாளும் நடக்கிறதில்லை எண்டு தெரிஞ்சது, வேலையால வந்து குளிச்சுக் கோயிலுக்குப் போட்டு வர 8 மணி. சனி விடியவுக்கு மாத்தினன், பிரச்சினை முடிஞ்சுது. "ஏன்" எண்ட நிரல் இல்லாட்டி நான் என்னையே பேசிக்கொண்டு இருந்திருப்பன்.

பெறுபேறை இந்தப் பக்கத்தில எழுதாதேங்கோ. மாதிரிப் பரீட்சைப் புள்ளி, வங்கியில இருக்கிற மிச்சம், உடம்பு நிறை, இதெல்லாம் வேற பக்கத்தில மாசத்துக்கு ஒருக்கா. ஏனெண்டா செய்யிறது உங்கட கையில, பெறுபேறு பிந்தித்தான் வரும். ஒவ்வொரு கிழமையும் நிறுத்துப் பாத்தா நல்லாச் செய்த கிழமையிலயும் மனம் உடையும்.

8. போயாவுக்குப் போயா பாருங்கோ

மாசம் ஒருக்காப் பாக்க வேணும் எண்டு எல்லாரும் சொல்லுவினம், எண்டைக்கு எண்டு வைக்காதபடியால ஒருத்தரும் பாக்கிறதில்லை. எங்களுக்கு லேசான வழி இருக்கு, ஒவ்வொரு பௌர்ணமிக்கும் போயா லீவு, ஒபிஸும் வங்கியும் பூட்டு. கலண்டரில ஏற்கனவே அடிச்சுத் தந்திருக்கிறான், நீங்கள் ஞாபகம் வைக்கவும் தேவையில்லை.

அண்டைக்கு விடிய 40 நிமிசம். கடந்த 4 கிழமைப் பக்கத்தைப் பாத்து மூண்டு கேள்வி: எது திரும்பத் திரும்பத் தடுத்தது, அடுத்த மாசம் செத்த கிழமை ஏதும் வருதா, சிவப்பு வட்டம் போட்டது ஏதும் கிட்ட வருதா. மாத்திறதெண்டா ஒண்டை மட்டும் மாத்துங்கோ. ஒவ்வொரு போயாவுக்கும் புதுத் திட்டம் போடுற ஆக்கள் இருக்கினம், அவையளின்ர கொப்பி சரியான வடிவா இருக்கும், வேலை ஒண்டும் நடந்திருக்காது.

9. தவறினா திரும்ப வாறது எப்பிடி

தவறும். இதை நான் ஆறுதலுக்குச் சொல்லேல்லை, எங்களோட இருக்கிற எல்லாற்ற கொப்பியிலயும் வெறும் கிழமைகள் இருக்கு.

விட்டதைச் சேர்த்துச் செய்யப் பாக்காதேங்கோ. நான் ரெண்டாந்தரம் தொடங்கினபோது ஒரு மார்கழியில காய்ச்சல் வந்து 3 கிழமை போச்சு. எழும்பின உடன அந்த 3 கிழமைப் பாடத்தையும் ஒரு கிழமையில முடிக்கப்போறன் எண்டு இரவிரவா இருந்தன், 4ஆம் நாள் தலையிடி, 5ஆம் நாள் கொப்பியை மூடினன், 5 மாசம் திறக்கேல்லை. விட்டது விட்டதுதான். திரும்பி வாற கிழமை ஆகக் குறைஞ்ச அளவு மட்டும் செய்யுங்கோ, அதுக்கு அடுத்த கிழமை வழமையான அளவு. முடிவுத் திகதியைப் பின்னுக்குத் தள்ளுங்கோ.

தொடர்ந்து 3 கிழமை ஆகக் குறைஞ்சதும் நடக்காட்டி அளவு பிழை, இல்லாட்டி நேரம் பிழை. முதல் படிக்குப் போய் ஒரு கிழமை மட்டும் திரும்ப நாளை எழுதுங்கோ. வீட்டில ஏதோ மாறியிருக்கும், நீங்கள் கவனிச்சிருக்க மாட்டியள்.

10. ஒராளுக்கு மட்டும் சொல்லுங்கோ

வட்ஸ்அப் ஸ்டேட்டஸில போடாதேங்கோ, கலியாண வீட்டில பெரியம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. நல்ல மனசோடதான் கேப்பினம், "என்ன பிள்ளை, சோதினை முடிஞ்சுதா" எண்டு, ஆனா 3 வருச வேலையில அந்தக் கேள்வியை 30 தரம் தாங்க வேணும். ஒராள் காணும், ஞாயிறு இரவு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பக்கூடிய ஒராள். அவரும் தன்ர பக்கத்தை அனுப்பினா இன்னும் நல்லம். புத்தி சொல்லுறவர் தேவையில்லை, பாத்தன் எண்டு பதில் போடுறவர்தான் தேவை.

11. விடுறதெண்டா எப்ப விடுறது எண்டு இப்பவே எழுதுங்கோ

கொப்பியின்ர முதல் பக்கத்தில, இலக்கு வரிக்குக் கீழ, எந்த நிலைமை வந்தா இதை விடுவன் எண்டு எழுதி வையுங்கோ. "3 தரம் எழுதியும் 6.5 வராட்டி", "அப்பாவின்ர மருந்துச் செலவு இவ்வளவுக்கு மேல போனா" எண்டு தெளிவா. களைச்ச நாளில எடுக்கிற முடிவு எப்பவும் விடுறது எண்டுதான் வரும், அதால களைக்காத நாளில எழுதி வைக்க வேணும். விடுற யோசினை வந்தா அடுத்த போயா வரைக்கும் பொறுத்து அந்த வரியை வாசிச்சுப் பாருங்கோ. அதில எழுதினது நடந்திருந்தா மனக்குறையில்லாமல் விடலாம், நடக்காட்டி தொடருங்கோ.

இலக்கு முடிஞ்சா ஒரு வேலை மிச்சம் இருக்கு. அந்த விடிய 45 நிமிசமோ, செவ்வாய் 5.15ஓ, அதை உடன வேற ஒண்டுக்கும் குடுக்காதேங்கோ, ஒரு மாசம் அப்பிடியே வெறுமையா விடுங்கோ, ஆனா எழும்புற நேரத்தை மாத்தாதேங்கோ. பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போய் "பிறகு" எண்டு எழுதி வைச்சதை எடுத்து வாசியுங்கோ. எனக்கு 17 இருந்தது, 6 வருசம் கழிச்சுப் பாக்கேக்க 4 மட்டும்தான் இன்னும் வேணும் எண்டு இருந்தது. அதில ஒண்டை எடுத்து, புதுக் கொப்பியில, திரும்ப முதல் படியில இருந்து.